கொடுத்துக் காக்கும் விதை

தமிழின் சொல்வளத்தை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது மரஞ்செடிகளின் பெயர்களைச் சான்று காட்டுவது தமிழாசிரியர் வழக்கம். இளம்பயிர் நெல்லாயின் நாற்று, மாவாயின் கன்று, தென்னையாயின் பிள்ளை, பனையாயின் வடலி. பிஞ்சு மாவில் வடு; தென்னையில் குரும்பை; பலாவில் மூசு. விதைக்கும் அவ்வாறே பெயர்கள் பல. கத்தரிக்கும் மிளகாய்க்கும் விதை. வேம்பிற்கும் ஆமணக்கிற்கும் முத்து. மாவிற்கும் பலாவிற்கும் கொட்டை. தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களை வகைப்படுத்திக் காட்டியிருக்கிறார். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பார்த்து, பழகி, அதன் இயல்பறிந்து வைத்த பெயர்கள் இவை. இவற்றுள் ஒன்றான பலாக்கொட்டையைப் பற்றியே இங்குச் சில சொல்ல விழைகின்றேன். உண்டு எறியும் கொட்டையில் சொல்ல என்ன இருக்கிறது என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

நம் முன்னோர் விதை காத்த முறைகள் பல. நெல்லை நன்கு உலர்த்தி, வைக்கோற் பிரியால் இறுகச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்தனர். கத்தரி விதையைச் சாம்பலில் பிசைந்து உலர்த்தினர். சுரையையும் பீர்க்கையும் முற்றவிட்டுக் கூடோடு அடுப்பங்கரையில் தொங்கவிட்டனர். முறைகள் வேறாயினும் அடிப்படை ஒன்றே. உலர்த்துவதே காப்பது. ஈரம் குறையக் குறைய விதையினுள்ளே உயிர் உறங்கும். மீண்டும் நீர் பட்டால் விழிக்கும். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008ஆம் ஆண்டு திறக்கப்பட்ட உலக விதைக் களஞ்சியமும் இந்த அடிப்படையில் அமைந்ததே. மலையைக் குடைந்து அமைத்த அறையில், உறைநிலைக்குக் கீழே 18 பாகைக் குளிரில், உலகின் பயிர் விதைகள் அங்கே உறங்குகின்றன. நம் பாட்டிமார் பரணில் செய்ததை அவர்கள் பனிமலைக்குள் செய்கிறார்கள்.

பலாக்கொட்டையோ இந்த முறைக்கு அடங்குவதன்று. உலர்த்தினால் இறந்துவிடும், உறையவைத்தாலும் இறந்துவிடும். மா, ரப்பர், கோகோ ஆகியவற்றின் விதைகளும் இவ்வினத்தவையே. மழைவளம் மிக்க நிலத்தில் தோன்றிய மரங்களாதலின், விழுந்த கையோடு முளைப்பதே இவற்றின் இயல்பு; காத்திருந்து பழக்கமில்லை. பழத்திலிருந்து எடுத்த சில நாள்களுக்குள் விதைத்தால் நன்று. ஈர மணலில் பொதிந்து வைத்தாலும் ஒரு மாதத்திற்கு மேல் நம்புதற்கில்லை. ஆதலின் ஸ்வால்பார்டு போன்ற களஞ்சியத்தில் பலாவிற்கு இடமில்லை. பலாவின் களஞ்சியம் மண்ணில் நிற்கும் மரமேயாகும். நம் வீட்டுக் கொல்லைகளே அதன் காப்பறைகள்.

புதுக்கோட்டை மாவட்டம் என்றாலே வெளியூரார்க்கு வறட்சிதான் நினைவுக்கு வரும். ஆலங்குடிக்குக் கிழக்கே சென்று பார்த்தவர் அவ்வாறு சொல்லத் துணியார். வடகாடு, மாங்காடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என நீளும் செம்மண் நிலத்தில் பலாவும் தென்னையும் வாழையும் மலர்த்தோட்டங்களும் செழித்திருக்கக் காணலாம். கோடையில் சாலையோரங்களில் பலாப்பழங்கள் குவிந்து கிடக்கும். பேருந்தின் சன்னல் வழியே மணம் உள்ளே வரும். மாவட்டத்தின் மேற்கிலோ, பொன்னமராவதியைக் கடந்து சிவகங்கை மாவட்டத்துள் நுழைந்தால் பிரான்மலை. அதுவே பாரியின் பறம்பு என்பர். உழவர் உழாமலே அம்மலை தரும் விளைபொருள்கள் நான்கு எனக் கபிலர் புறநானூற்றின் 109ஆம் பாட்டில் எண்ணிச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று பலா. மூவேந்தரும் முற்றுகையிட்டு நின்றபோதும் பறம்பின் மக்கள் பசியாதிருக்க அது போதும் என்பது அவர் கருத்து. ஒரு மலைக்கே சோறிட்ட மரம் இன்று நம் கொல்லையில் நிற்கிறது.

என் நன்னியின் ஊர் ஆலங்குடி வட்டத்துச் சிற்றூர். கொல்லையில் கிணற்றுக்கு அப்பால் ஒரு பலா நின்றது. நன்னி மணமாகி அவ்வூருக்கு வந்த ஆண்டில் தம் தாய்வீட்டுக் கொட்டையை ஊன்றி வளர்த்த மரம் அது. சுளை மஞ்சளினும் சற்றுச் சிவந்திருக்கும், மொறுமொறுவென்றிருக்கும், இனிப்பு நெடுநேரம் நாவில் நிற்கும். ஊரார் அதனைப் ‘பாயம்மா பலா’ என்றே அழைத்தனர். பழம் அறுக்கும் நாளில் நன்னி கைகளில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அரிவாள்மணை முன் அமர்வார். எங்களுக்குச் சுளையில் கண். அவருக்குக் கொட்டையில் கண். பருத்தவை, தோல் பளபளப்பவை, வடுப்படாதவை எனப் பொறுக்கித் தனியே ஒரு சட்டியில் போடுவார். எஞ்சியவை கருவாட்டுக் குழம்பிற்கும் எங்கள் வறுவலுக்கும். பொறுக்கிய கொட்டைகளின் வழவழப்பு நீங்கக் கழுவி, மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவற்றுக்கு ஒரு வழி செய்துவிடுவார். சில தம் கொல்லையில் மண்ணுக்குள் போகும். பெரும்பாலானவை பிறர் வீட்டுக்குப் போகும். மோர் வாங்க வந்தவள், பால்காரர், நடவுக்கு வந்தவர்கள், மணமாகிச் செல்லும் பெண்கள் என எவர் வந்தாலும் வெறுங்கையோடு போவதில்லை. “தின்னுட்டுப் போடாதீக, ஊன்டுங்க” என்பது அவர் கட்டளை.

எங்கள் வீடுகளில் ‘அமானிதம்’ என்றொரு சொல் வழங்கும். பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருள் அது. பழுதின்றிக் காத்து உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். நகையும் பணமும் அமானிதமாக வரும். நன்னியின் தகரப்பெட்டியில் துணியில் முடிந்து கிடக்கும். அவற்றை வைத்துக் காத்தவர், கொட்டைகளை மட்டும் கையில் தங்கவிட்டதே இல்லை. ஏன் எனச் சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “வச்சிருந்தா செத்துப்போயிரும். குடுத்தாத்தான் இருக்கும்” என்றார். எழுதப் படிக்க அறியாதவர் அவர். தாவரவியல் நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஓர் உண்மையை இரண்டு தொடர்களில் முடித்துவிட்டார் என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டங்களைச் சிதைத்துவிட்டுப் புதுக்கோட்டைக்குள்ளும் புகுந்தது. முப்பது நாற்பது ஆண்டு காத்து வளர்த்த தென்னந்தோப்புகள் ஓரிரவில் கிடந்தன. நன்னி காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. என் தாயார் அவ்வீட்டில் இருந்தார். சாலையெங்கும் மரங்கள் கிடந்தமையால் மூன்றாம் நாளே என்னால் ஊர் போய்ச் சேர முடிந்தது. பாயம்மா பலா வேரோடு சாய்ந்து கிணற்றுச் சுவரை இடித்துக் கிடந்தது. மழையில் ஊறிய மண்ணும் கனத்த தழையும் அதற்கு எமனாயின. ஊரில் எல்லார் வீட்டிலும் இழப்பு இருந்தது. பிள்ளையின் படிப்பிற்கென நம்பிய தோப்பை இழந்தவர் அடுத்த வீட்டில் இருக்க, ஒரு பலாவுக்காக அழுவது முறையன்று எனத் தாயார் கருதியிருக்க வேண்டும். அவர் அழவில்லை. “ஒரு கொட்டைகூட இல்லையே” என்று மட்டும் சொன்னார்.

அது கார்த்திகை பிறக்கும் காலம். பலா பழுப்பது கோடையில். கோடையில் எடுத்த கொட்டை எதுவும் வீட்டில் இருந்திருந்தாலும் உயிரோடு இருந்திராது. அடிமரத்தை அறுத்தபோது மஞ்சள் நிற வைரம் தெரிந்தது. வீணைக்கும் மத்தளத்திற்கும் உகந்த மரம் பலா. எங்கள் மரத்தின் ஒரு பலகையில் தச்சர் ஒருவர் குர்ஆன் வைத்து ஓதும் ரெஹால் செய்து தந்தார். மற்றவை விலையாயின. கொல்லையில் வானம் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த ஆண்டு ஆனி மாதம் இரு தெரு தள்ளி வாழும் மூதாட்டி ஒருவர் இடுப்பில் ஒரு பழத்தைச் சுமந்துகொண்டு வந்தார். நன்னியிடம் நடவுக்கு வந்தவர். “பாயம்மா குடுத்த கொட்டைல வந்த மரந்தான். வீட்டு மறைவுல நின்னதால பொழச்சிருச்சு. ஒங்க வீட்டுச் சொத்து, ஒங்களுக்குத்தான் மொதல்ல” என்று திண்ணையில் இறக்கி வைத்தார். தாயார் கை நடுங்க அறுத்து, ஒரு சுளையை வாயிலிட்டுக் கண்ணை மூடினார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்திருந்தோம். சற்றுநேரம் கழித்து, “இது அதில்ல” என்றார். மூதாட்டியின் முகம் வாடியது. தாயார் அவர் கையைப் பற்றிக்கொண்டு, “அதுக்குப் பொறந்தது” என்றார்.

இந்தத் தொடரே என்னைப் பலாவைப் பற்றிப் படிக்கத் தூண்டியது. பலாவில் ஆண் பூங்கதிரும் பெண் பூங்கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றும். நாம் ஒரு பழம் என்பது உண்மையில் ஒரு பூவின் விளைவன்று. நூற்றுக்கணக்கான சிறுபூக்கள் ஒன்றுகூடித் திரண்டது. கருவுற்ற ஒவ்வொரு பூவும் ஒரு சுளை. கருவுறாதவை சுளைகளுக்கிடையே நாராகக் கிடப்பவை. அயல்மரத்து மகரந்தமும் வந்து சேர்வதால், ஒரே பழத்தின் கொட்டைகளுக்குத் தாய் ஒன்றாயினும் தந்தை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பழத்தில் நூறு முதல் ஐந்நூறு கொட்டைகள் வரை இருக்கும். அத்தனையும் உடன்பிறப்புகளேயன்றி நகல்கள் அல்ல. தாயார் நாவால் அறிந்ததும் இதுவே.

என் தமக்கை மகன் ஒருமுறை கொடைக்கானலிலிருந்து ஸ்ட்ராபெரிப் பழங்கள் கொண்டுவந்தான். மேற்புறத்தில் எள்போல் ஒட்டியிருந்தவற்றைச் சுரண்டி எடுத்து, “இதை நட்டால் இதே பழம் வருமா?” என்று கேட்டான். எங்கள் ஊர் வெயில் அச்செடிக்கு ஏற்றதன்று. ஆயினும் வினா நல்ல வினா. விடை ‘வாராது’ என்பதே. இதே பழம் வேண்டுவோர் அச்செடி தரையில் ஓடவிடும் கொடியிலிருந்து கன்று எடுப்பர். ஆனால் இன்று நாம் உண்ணும் ஸ்ட்ராபெரி பிறந்த கதை வேறு. 1714இல் ஃபிரெசியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமெரிக்கச் சிலி நாட்டிலிருந்து சில செடிகளைக் கப்பலில் காத்துக் கொணர்ந்தார். அவை பூத்தும் முறையாகக் காய்க்கவில்லை. பெண் செடிகளாகவே இருந்தமை காரணம். பின்னர், வட அமெரிக்காவிலிருந்து முன்பே வந்திருந்த வேறோர் இனத்தின் அருகே அவை வளர்ந்தபோது, இரண்டும் கலந்து விதை பிடித்தது. அவ்விதைவழிப் பிறந்ததே இன்றைய பெரிய பழம். இக்கலப்பினை 1766இல் துய்சேன் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டு சொன்னார். ‘இதே பழம்’ தராத விதைதான் இந்தப் பழத்தையே உலகுக்குத் தந்தது.

பலாவிலும் இத்தகைய சான்றுகள் உண்டு. கர்நாடக மாநிலம் துமகூரு மாவட்டத்தில் சித்தப்பா என்னும் உழவர் நட்டு வளர்த்த ஒரு பலாவின் சுளை செம்பு போலச் சிவந்திருந்தது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அதன் அருமையை உணர்ந்து, 2017இல் அவர் மகனோடு உடன்படிக்கை செய்து, அம்மரத்தின் ஒட்டுக்கன்றுகளைப் பெருக்கத் தொடங்கியது. உழவரின் பெயராலேயே அது ‘சித்து’ எனப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டு உருவாக்கிய பழமன்று அது. ஒரு நிலத்தில், ஒரு குடும்பத்தின் கண்காணிப்பில் வளர்ந்த மரத்தின் பழம். பேரறிஞர் வந்து தேடும்போது அங்கே மரம் நிற்க வேண்டும். அதற்கு முன்னொரு நாள் எவரேனும் ஒருவர் நட்டிருக்க வேண்டும்.

ஒட்டுக்கன்று வேண்டாம், விதைக்கன்றே வேண்டும் என வாதிடுவது என் நோக்கமன்று. பிழைப்புக்குப் பயிரிடுபவர்க்கு ஒட்டுக்கன்றே தக்கது. அது மூன்று நான்கு ஆண்டுகளில் காய்ப்புக்கு வரும். தாய்மரத்தின் சுவையை மாற்றமின்றித் தரும். விதைக்கன்று ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் காக்க வைக்கும். முடிவில் தருவது தேனோ சக்கையோ, முன்கூட்டி அறிய இயலாது. புயலில் எல்லாம் இழந்தவரிடம் போய் எட்டாண்டு பொறு என்று சொல்ல எவர்க்கும் வாய் வாராது. ஆயினும் ஒன்றை எண்ண வேண்டும். எல்லாத் தோட்டமும் ஒரே தாயின் ஒட்டுக்களால் நிறையுமானால், ஒரு நோய்க்கு ஒன்று இரையாகும்போது அனைத்தும் இரையாகும். ஒட்டுக் கட்டுவதற்குரிய நல்ல தாய்மரமும் ஒரு காலத்தில் விதையிலிருந்து வந்ததே. ஆகவே தோட்டத்தில் ஒட்டு நிற்கட்டும். கொல்லையின் மூலையில் ஒரு கொட்டையும் முளைக்கட்டும்.

தமிழ் இலக்கியம் நம் கைக்கு வந்த வழியும் இவ்விரண்டே எனலாம். ஏட்டைப் பார்த்து ஏடெழுதியவர்கள் எழுத்துப் பிசகாமல் காக்க முயன்றார்கள், அஃது ஒட்டு. தாலாட்டும் விடுகதையும் வாய்வழியே வந்தன, பாட்டிக்குப் பாட்டி, ஊருக்கு ஊர் சொல் மாறின, அவை விதை. நன்னி பாடிய தாலாட்டு ஒன்றைத் தாயார் பாடக் கேட்டிருக்கிறேன். இடையிடையே பெயர்களும் ஊர்களும் மாறியிருந்தன. அது பிழையென்று நான் கருதவில்லை. வகுப்பறையும் அத்தகையதே. என் ஆசிரியர் கற்பித்த குறுந்தொகையை நான் கற்பிக்கிறேன். சிறிய கொம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவதைத் தலைவியின் சிற்றுயிருக்கும் பெருங்காமத்திற்கும் உவமையாக்கிய கபிலர் பாட்டை அவர் விளக்கிய விதம் வேறு. கொம்பு முறிந்த மரத்தைக் கண்ட பின் நான் விளக்கும் விதம் வேறு. என் மாணவர் நாளை வேறு விதமாக விளக்குவர். கொடுத்த வடிவிலேயே திரும்பி வர வேண்டும் என எதிர்பார்த்தால் கொடுக்கவே மனம் வாராது.

மூதாட்டி கொணர்ந்த பழத்தின் கொட்டைகளில் பன்னிரண்டைத் தாயார் பொறுக்கினார். செய்ய விரும்புவோர்க்காக அம்முறையை இங்குக் குறிக்கின்றேன். நன்கு பழுத்த பழத்தின் பருத்த கொட்டைகளைத் தேர்க. வழவழப்புப் போகக் கழுவி, ஒரு நாள் நீரில் ஊறவைக்க. வெயிலில் காயவைத்தல் ஆகாது. மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில், ஓர் அங்குல ஆழத்தில் கிடைவாக்கில் வைத்து மூடுக. மண் ஈரமாயிருக்கட்டும், நீர் தேங்குதல் கூடாது. மூன்று முதல் எட்டு வாரங்களில் முளை தோன்றும். ஆணிவேர் விரைந்து ஆழம் செல்லும். அஃது ஒடிந்தால் கன்று தளரும். ஆதலின் நிலையான இடத்திலேயே ஊன்றுவது சிறப்பு. பையில் வளர்த்தால் சிறு கன்றாக இருக்கும்போதே மண் உதிராமல் நடுக. முதற்கோடையில் நிழலும், ஆட்டுக்கு எட்டாத வேலியும் வேண்டும்.

பன்னிரண்டில் ஏழு முளைத்தன. நான்கைத் தாயார் கேட்டவர்க்குக் கொடுத்தார். மூன்று கொல்லையில் நின்றன. ஒன்றை ஆடு மேய்ந்தது. எஞ்சிய இரண்டில் ஒன்று 2025ஆம் ஆண்டு முதன்முதலாக இரண்டு மூசு விட்டது. ஒன்று உதிர்ந்தது, ஒன்று பழுத்தது. சிறிய பழம், சுளை வெளிர்மஞ்சள், நன்னியின் மரத்துச் சிவப்பு அதில் இல்லை. ஆனால் கடித்தபோது அந்த மொறுமொறுப்பு இருந்தது. தாயார் எதுவும் சொல்லவில்லை. கொட்டைகளை எண்ணினார், குழம்பிற்கு என ஒன்றும் ஒதுக்காமல், யார் யாருக்கு எத்தனை என்று பெயர் சொல்லத் தொடங்கினார்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கோடையில் உங்கள் இல்லத்தில் பலா அறுக்கும்போது ஐந்து கொட்டைகளை எடுத்து வையுங்கள். ஒன்றையாவது மண்ணில் ஊன்றுங்கள். மற்றவற்றை அன்றே அண்டை வீட்டார்க்குக் கொடுங்கள். நாளை பார்த்துக்கொள்வோம் என்று சன்னலோரம் வைத்துவிடாதீர்கள். பலாக்கொட்டை காத்திருப்பதில்லை.